ஜீப்பை எப்போது நகர்த்த வேண்டும் என்று தெரிந்தவர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போர்க்கள வீரத்துக்கான நாட்டின் உயரிய விருதான பரம் வீர் சக்ரா பெற்றவர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அப்துல் ஹமீதுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பத்தி. அதிலும் 'ஆவேசத்தோடு டாங்கிகள் மீது பாய்ந்தார்' என்றிருக்கிறது. படையில் ஆர்.சி.எல். என்கிற, பின்னுதைப்பு இல்லாத டாங்கி எதிர்ப்புப் பீரங்கியோடு வேலை பார்த்தவன் நான். அந்த வரி மனதை உறுத்துகிறது. அவர் பாயவில்லை, காத்திருந்தார்.

1965 செப்டம்பரில், பாகிஸ்தானுடனான போரின்போது பஞ்சாபின் கேம்கரண் பகுதியில், 4-வது கிரெனேடியர்ஸ் படையின் குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார் அவர். ரேஷன், தளவாடம் பார்க்கிற பொறுப்பு. ஆனால் அதற்கு முன் டாங்கி எதிர்ப்புப் பிரிவில் இருந்து கைதேர்ந்தவர். பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் திரண்டு வந்தபோது அந்தப் பிரிவை நடத்த ஆள் வேண்டியிருந்தது. அவரிடம் கொடுத்தார்கள்.

106 மி.மீ. ஆர்.சி.எல். என்பது ஜீப்பின் மேல் பொருத்திய நீளமான குழாய். சுடுகிறவருக்குக் கவசம் எதுவும் கிடையாது. சுட்டதும் பின்பக்கமாகத் தீயும் புகையும் பீய்ச்சியடிக்கும். புழுதி ஆள் உயரத்துக்குக் கிளம்பும். எங்கிருந்து சுட்டோம் என்பதை எதிரிக்கு அதுவே காட்டிக்கொடுத்துவிடும். சுட்ட கையோடு ஜீப்பைக் கிளப்பி இடம் மாறாவிட்டால் அவ்வளவுதான். ஹமீது வயல்களின் மறைவில் ஜீப்பை நிறுத்தி, டாங்கியைக் கிட்டத்தில் வரவிட்டு அடித்தார். உடனே இடம் மாறினார், மறுபடி அடித்தார். செப்டம்பர் 10 அன்று எதிரிகள் அவரைக் கண்டுகொண்டு குண்டுமழை பொழிந்தார்கள். அப்போதும் இன்னொரு டாங்கியைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டிருந்தபோதுதான் குண்டடிபட்டு இறந்தார். வயது 32.

அவர் அழித்த டாங்கிகளின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது. அது எனக்குப் பெரிதில்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் அந்தப் புகை தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று நன்றாகத் தெரிந்தே அடுத்த குண்டையும் போட்டாரே, அதை வெறும் ஆவேசம் என்று எழுதலாமா?

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. அவர் உத்தரப் பிரதேசம் காஜிபூர் மாவட்டத்துத் தாமுபூர் கிராமத்தில் ஒரு தையல்காரர் வீட்டுப் பிள்ளை. 1966 குடியரசு தினத்தன்று அன்றைய குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் கையால் பதக்கத்தை வாங்கியவர் அவருடைய மனைவி ரசூலன் பீவி. கணவர் போன பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து 2019-இல்தான் காலமானார். அந்த அம்மாவின் பெயராவது கட்டுரையில் வந்திருக்க வேண்டாமா?

ஹமீதுக்கென்று தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். பீரங்கியைப் பற்றிய விவரம் ஏதாவது தேவைப்பட்டால் எழுதித் தர நான் தயார்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவர்