ஒளிவிழா மேடையும் பிள்ளைகளின் தொண்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் ஒளிவிழா நெருங்கினால் திருகோணமலைக் கிறிஸ்தவ ஆலயங்களில் எட்டு வயதுப் பிள்ளையைக்கூடத் தனிப்பாடலுக்கு நிறுத்திவிடுகிறோம். ஆலயப் பாடகர் குழுவில் இரண்டு வருடம் பாடட்டும் என்றால் பெற்றோருக்கு மனம் ஒப்புவதில்லை.

குழுவில் தொடங்கிப் புகழ்பெற்ற ஒருவரைப் பாருங்கள். அமெரிக்க நற்செய்திப் பாடகி (கிறிஸ்தவப் பக்திப் பாடல்கள் பாடுபவர்) மஹாலியா ஜாக்சன் 1911இல் நியூ ஓர்லியன்ஸில் பிறந்தவர். சிறு வயதில் தாயை இழந்து, தாயின் சகோதரியிடம் வளர்ந்தார். பாடிப் பழகியது பப்டிஸ்ட் ஆலயச் சிறுவர் குழுவில். பக்கத்து ஆலயத்து மேளமும் கைதட்டலும் அவருக்குத் தாளம் கற்றுக்கொடுத்தன. 16 வயதில் சிக்காகோ போனவர், உடுப்புத் தோய்த்துப் பிழைத்தபடியே அங்கும் ஆலயக் குழுவில்தான் சேர்ந்தார். 1937இல் பதிவான இசைத்தட்டுகள் விலைபோகவில்லை. புகழ் தந்த பாடல் 1947இல்தான் பதிவானது. அவருக்கு அடித்தளம் இட்டது ஆலயக் குழுப்பாட்டு.

இங்கே பிள்ளைகளின் தொண்டை கட்டுவதற்கு முதற்காரணம் சுருதி, அதாவது பாட்டின் அடிப்படைச் சுரம் நிற்கும் உயரம். கீபோர்ட் வாசிப்பவர் ஆண் குரலுக்காக 2 கட்டையில் (கீபோர்டில் D) வைத்திருப்பார். பிள்ளை அதையே ஒரு ஸ்தாயி (எட்டுச் சுர அடுக்கு) மேலே பாட வேண்டும். அனுபல்லவி (பாட்டின் இரண்டாம் பகுதி) மேல் ஸ்தாயிக் காந்தாரத்தை ("க" சுரத்தை) தொடும்போது தாடை இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும், வருவது கத்தல்தான். கீபோர்டின் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானால் ஏழு அரைச்சுரம் (செமிடோன்) இறக்கினால் வாசிப்பவரின் விரல் மாறாமலே 5 கட்டை (G) கிடைக்கும். பிள்ளை பேசுகிற குரலிலேயே பாடிவிடும். இதற்கு அரை நிமிடம் போதும். ஆனாலும் யாரும் செய்வதில்லை.

அடுத்தது ஒலிவாங்கி. ஒலிபெருக்கிப் பெட்டிகள் எல்லாம் சபையைப் பார்த்திருந்தால் பிள்ளைக்குத் தன் குரல் கேட்காது, அதனால் இன்னும் உரக்கப் பாடும். சிறிய பெட்டி ஒன்றைப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க, ஒலிவாங்கியின் பின்பக்கமாக வையுங்கள். முன்பக்கம் வைத்தால் ஊளையிடும். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் ஒரு சாண் இடைவெளி வேண்டும்.

12 முதல் 14 வயதுக்குள் குரல் உடைகிற ஆண் பிள்ளைகளை "குரல் போய்விட்டது" என்று குழுவிலிருந்து நிறுத்துவது பெரும் தவறு. கீழ் ஸ்தாயியில், ஐந்தாறு சுரத்துக்குள் அடங்கும் பகுதியைக் கொடுத்து வைத்திருங்கள். அந்த வயதில் விலகியவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

குரல் கரகரத்தால் அன்றைய ஒத்திகையை நிறுத்துங்கள். இஞ்சித் தேநீர் கொடுத்துத் தொடர வேண்டாம். இரண்டு வாரத்தில் தெளியாவிட்டால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.

இந்த வருட நிகழ்ச்சி நிரலில் பத்து வயதுக்குட்பட்டோரின் தனிப்பாடல்களைக் குழுப்பாடல்களாக மாற்றும்படி ஆலயப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

பாடகர் குழுப் பயிற்றுநர்கள் சிலர்,
திருகோணமலை.