நட்டு கழலவில்லை என்று எழுதிய நண்பனுக்கு

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. ரிட்டையர் ஆன பணத்தில் மேஜை நடுவில் வட்டப் பிளேடு சுழலும் ரம்பம், அதுதான் டேபிள் சா, வாங்கிவிட்டாய், பேத்திக்குப் படிக்கிற மேஜை செய்யப் போகிறாய் என்று படித்ததும் அத்தனை சந்தோஷம். மஞ்சக்குப்பம் மைதானத்தில் மட்டை உடைந்தால் நேராக என் அப்பாவின் பட்டறைக்கு ஓடி வந்து, "உளியைக் கொடுங்க, நானே செதுக்கறேன்" என்று அடம்பிடித்தவன் நீ. நாற்பது வருஷம் பேனா பிடித்த கை மறுபடி மரத்துக்கு வந்திருக்கிறது.

ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறதே, அது என்னைத் தூங்க விடவில்லை. பிளேடு மாற்றப் போனாய், நட்டு அசையவில்லை, ஸ்பேனரைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாய். "அந்த நேரம் கரண்ட் வேறு இல்லை, அதனால் பயமில்லாமல் செய்தேன்" என்று எழுதியிருக்கிறாய். போனில் கூப்பிட்டே சொல்லியிருப்பேன். போனில் சொன்னால் சரி சரி என்பாய், சாயங்காலத்துக்குள் மறந்துவிடும். இந்தத் தாளை ரம்பத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வை.

தானே புயல் வந்தபோது நீ ஊரில் இல்லை. 2011 டிசம்பர் 30, விடிகாலை. புதுச்சேரிக்கும் நமக்கும் நடுவில் கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நேரில் பார்த்திருந்தால் உனக்குச் சோறு இறங்கியிருக்காது. பாட்டன் நட்ட மரம், பேரன் காய் பறித்த மரம், எல்லாம் ஒரே காலையில். ஒவ்வொருவராக டிராக்டரில் கொண்டுவந்து என் பட்டறை வாசலில் இறக்கினார்கள். "விறகாப் போயிடக் கூடாது, ஒரு கட்டிலாவது, ஒரு ஊஞ்சலாவது செஞ்சு குடுங்க" என்று கேட்டார்கள். மறுக்க மனசு வருமா? பட்டறை முழுக்க மஞ்சள் தூள். பலாவை அறுத்தால் வருமே அந்த மஞ்சள், சட்டையைத் துவைத்தாலும் போகாது.

வீட்டுக் கொல்லையில் நின்ற மரம் என்றால் உள்ளே ஆணி இருக்கும். துணி காயப்போட அடித்தது, மாட்டைக் கட்ட அடித்தது. மரம் வளர்ந்து அதை விழுங்கியிருக்கும், வெளியே அடையாளம் தெரியாது. அதனால் அந்த நாட்களில் பிளேடு அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. கரண்டோ வாரக்கணக்கில் இல்லை. பொங்கல் கழிந்த பிறகு வர ஆரம்பித்தது, வரும், போகும், எப்போது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு மத்தியானம் அறுத்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. என் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்த பையனிடம், "சும்மா நிற்காதே, இந்த நேரத்தில் பிளேடை மாற்றிவிடு" என்று சொன்னவன் நான்தான். அப்போது என் மிஷினில் ஸ்டார்ட்டர் கிடையாது. இரும்புப் பிடி போட்ட பழைய மெயின் ஸ்விட்ச். பிடி மேலே, ஆன் நிலையிலேயே இருந்தது. அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இடது கையில் துணி சுற்றிப் பிளேடைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஸ்பேனரைப் போட்டான். கரண்ட் வந்தது.

சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. ஸ்பேனர் எங்கே போனது என்று பிறகு தேடினோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரு ஓட்டை, அதன் வழியாக ஒரு கோடு வெயில் கீழே விழுந்துகொண்டிருந்தது. துணி பல்லில் மாட்டி அவன் கையையும் சேர்த்து இழுத்திருந்தது. ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். விரல்கள் தப்பின. ஆனால் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தசைநாண் அறுந்து, தைத்து, மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் அந்த இரண்டு விரலும் முழுசாக மடங்கவில்லை. இன்றைக்கும் டம்ளரைப் பிடிக்கும்போது அந்த இரண்டும் தனியாக நிமிர்ந்து நிற்கும். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

அதனால்தான் சொல்கிறேன். கரண்ட் இல்லாதது வேறு, மிஷினை அணைத்தது வேறு. ஸ்விட்சை ஆஃப் செய்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கு. பிடுங்கிய பிளக்கை மேஜை மேல், உன் கண்ணுக்கு எதிரே வை. பேத்தி விளையாட்டாகக் கொண்டுபோய்ச் சொருகிவிடக் கூடாது. என்னுடையது த்ரீ ஃபேஸ், மூன்று ஒயரில் கரண்ட் வரும் மிஷின், பிளக் கிடையாது. நான் ஃபியூஸ் கம்பி மாட்டிய கட்டைகளை, அதாவது மூன்று ஃபியூஸ் கேரியரையும் கழற்றி லுங்கி மடிப்பில் சொருகிக்கொண்டுதான் பிளேடில் கை வைப்பேன். பட்டறையில் இருக்கிற மற்ற பையன்களுக்கும் அதே சட்டம். ஓடிக்கொண்டிருந்த மிஷின் என்றால், அணைத்த பிறகு சுற்று முழுசாக நிற்கும்வரை காத்திரு. கட்டையை வைத்து அழுத்தி நிறுத்தாதே.

உன் மிஷினில் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பிளேடை மேஜைக்குக் கீழே முழுசாக இறக்கிவிட்டு, மரம் எதுவும் வைக்காமல் ஓட விடு. ஓடும்போதே சுவரில் இருக்கும் ஸ்விட்சை அணை. நின்றதும், தள்ளி நின்றுகொண்டு சுவர் ஸ்விட்சை மறுபடி போடு. மிஷின் தானாகக் கிளம்பினால் அது ஆபத்தான மிஷின். பச்சை, சிவப்பு பொத்தான் வைத்த ஸ்டார்ட்டர் ஒன்று போடச் சொல். கரண்ட் போனால் அது விழுந்துவிடும், கரண்ட் திரும்பி வந்தாலும் பச்சையை அழுத்தாமல் மோட்டார் கிளம்பாது. அந்த விபத்துக்கு அடுத்த வாரமே நான் போட்டேன். ஒரு மாதம் முன்னால் போட்டிருக்கலாம்.

சரி, இப்போது உன் நட்டு. அது துருப்பிடிக்கவில்லை நண்பா, நீ இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறாய். குழாயைத் திறக்கிற பழக்கத்தில் கை தன்னால் இடப்பக்கம் திருகும். டேபிள் சாவில் அந்தக் கணக்குச் சில மிஷின்களுக்குப் பொருந்தாது, மரை தலைகீழாக இருக்கும். வலமா இடமா என்று மனப்பாடம் செய்யாதே. பிளேடு எந்தப் பக்கம் சுற்றுமோ, அந்தப் பக்கம் திருகினால் நட்டு கழலும். மேலே தெரியும் பற்கள் உன்னைப் பார்த்துத்தான் வரும். ஆகவே ஸ்பேனரின் கைப்பிடி மேலே நிற்கும்படி மாட்டி, உன் பக்கம் இழு. இறுக்குவதற்கு எதிர்ப்பக்கம் தள்ளு.

ஏன் அப்படி வைத்தார்கள் என்று தெரிந்தால் மறக்காது. மோட்டார் கிளம்பும் நொடியில் பிளேடு மாட்டியிருக்கும் தண்டு, ஷாஃப்ட், முந்திக்கொள்ளும், பிளேடு தன் கனத்தால் ஒரு கணம் பின்தங்கும். அந்தப் பின்தங்கல் நட்டை இறுக்கும் பக்கமாக இழுக்கும். அதாவது ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் நட்டு தன்னைத்தானே இறுக்கிக்கொள்கிறது. நீ உயிரைக் கொடுத்து இறுக்கத் தேவையில்லை. அளவான பிடி போதும், இல்லாவிட்டால் அடுத்த முறை இதே கதைதான்.

த்ரீ ஃபேஸ் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு வினை உண்டு. ஒரு தடவை மோட்டாரை ரீவைண்டிங்குக்கு, உள்கம்பியைப் புதிதாகச் சுற்றக் கொடுத்து வாங்கி வந்து நானே ஒயர் கொடுத்தேன். இரண்டு ஃபேஸ் ஒயர் இடம் மாறிவிட்டது. மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியது. எதிர்ப்பக்கம் சுற்றினால் கிளம்பும்போதே நட்டு கழலும். பிளேடு போடாமல் வெறும் ஷாஃப்டை ஓடவிட்டுப் பார்த்ததால் தப்பித்தேன். உன்னுடையது சிங்கிள் ஃபேஸ், வீட்டு பிளக், இந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு, சுற்றியிருக்கும் தகட்டைக் கழற்றினால் நட்டுக்குக் கை எட்டும். உன் மிஷினில் ஷாஃப்டைப் பூட்ட ஒரு பொத்தானோ, இரண்டாவது ஸ்பேனரோ கொடுத்திருப்பார்கள், தேடிப் பார். இல்லையென்றால் மெத்தென்ற மரத்துண்டு ஒன்றை முன்பக்கம் பல்லுக்கும் மேஜைக்கும் நடுவில் கொடு. சுத்தியல் மட்டும் வேண்டவே வேண்டாம். பல் நுனியில் ஒட்டியிருப்பது கார்பைடு. மரத்தை வெட்டுவதில் அதற்கு ஈடில்லை, ஆனால் கண்ணாடி மாதிரி தெறிக்கும். தெறித்த பல்லோடு ஓட்டாதே. இழுக்கும்போது ஸ்பேனர் சட்டென்று விடும், முஷ்டி போய்ப் பல்லில் இடிக்கும். ஒரு தடித்த அட்டையை மடித்துப் பல் மேல் மாட்டிவிட்டு இழு. தடித்த கையுறை இந்த வேலைக்கு மட்டும். மிஷின் ஓடும்போது கையில் கையுறை இருக்கவே கூடாது.

புதுப் பிளேடைப் போடும் முன் வாஷர் இரண்டையும், அவை உட்காரும் முகத்தையும் துணியால் துடை. விரல் நுனியால் தடவிப் பார். ஒரு துளி பிசினோ தூளோ அங்கே இருந்தால் பிளேடு நேராக உட்காராது, ஆடும், வெட்டு அகலமாகிப் பலகை ஓரம் கருகும். ஷாஃப்டை ஒட்டி ஒரு பொட்டு தூள், வெளி விளிம்பில் அது பெரிய ஆட்டம். பல்லின் கூர்முகம் உன்னைப் பார்க்க வேண்டும். பிளேடில் ஒரு அம்புக்குறியும் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் உன் மிஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 10 அங்குலப் பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் பல் நுனி மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. தானேயின் காற்றுகூட அத்தனை வேகம் இல்லை. பிளேடுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் தகட்டையும் கவனி. அது பிளேடின் உடம்பைவிடத் தடிமனாகவும், பல் வெட்டும் தடத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். மெல்லிய பிளேடு வாங்கிப் போட்டால் பலகை அந்தத் தகட்டில் முட்டி நிற்கும். பிறகு கோபத்தில் தகட்டைக் கழற்றி மூலையில் போடுவார்கள், பலகை திருப்பி அடிப்பது அதற்கப்புறம்தான்.

எல்லாம் மாட்டியபின் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிவிடு. எங்கேயாவது உரசினால் காதே சொல்லிவிடும். மூலைமட்டம் வைத்து 90 டிகிரி பார், பல்லில் படாமல் பிளேடின் உடம்பில் ஒட்டி வை. ஸ்பேனரை எடுத்துவிட்டாயா என்று பார்த்த பிறகுதான் பிளக். முதல் ஓட்டத்துக்குப் பிளேடுக்கு நேரே நிற்காதே, பக்கத்தில் நில்.

பேத்தியின் மேஜைக்கு மைக்கா ஒட்டிய பிளைவுட்டா, மரமா என்று நீ எழுதவில்லை. பிளைவுட் என்றால் 60 பல்லுக்குக் குறையாத பிளேடு போடு, ஓரம் பெயராது. கனமான மரத்தை நீளவாக்கில் அறுக்க 24 பல் போதும். ஆனால் என்னைக் கேட்டால் மரம்தான். அந்தப் புயலில் விழுந்த பலாவில் நாலு பலகை இன்னும் என் பரணில் இருக்கிறது. அன்றைக்கு மஞ்சளாக இருந்தது, இப்போது கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. இத்தனை வருஷம் காய்ந்தது இனி அவ்வளவாக வளையாது. இரண்டை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். காந்தம் வைத்து ஆணி பார்த்துவிட்டேன், இல்லை.

ஊரில் எல்லோரும் நலம். கெடிலம் ஆற்றில் இந்த வருஷம் தண்ணீர் போனது. பெரியவளுக்குப் புதுச்சேரிக்கு மாற்றல் கிடைத்துவிட்டது, தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். என் முட்டிவலி அப்படியேதான். அந்தப் பையன் இப்போது பையன் இல்லை, இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. பாலிஷ் வேலையில் அவனை அடிக்க இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. ரம்பத்துக்கு மட்டும் பக்கத்தில் வரமாட்டான், நானும் கூப்பிடுவதில்லை. உன் மேஜையைப் பற்றிச் சொன்னேன், பாலிஷ் தானே போட்டுத் தருவதாகச் சொன்னான்.

சித்திரையில் வருகிறேன் என்றாயே, வரும்போது கழற்றிய பழைய பிளேடையும் அட்டையில் சுற்றி எடுத்து வா. பல் எதுவும் தெறிக்கவில்லை என்றால் சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் ஊறவைத்துப் பிசினை எடுத்துவிட்டு, கார்பைடுக்குச் சாணை பிடிக்கிற இடத்தில் கொடுத்து வாங்கித் தருகிறேன். அதுவரை நட்டைத் தொடுவதாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கி மேஜை மேல் வைத்து ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிட்டுத் தொடு.

அன்புடன்,
உன் பட்டறைக்காரன்