வண்டியின் பின்பெட்டிக்குப் பூச்சு

பட்டர்வொர்த்

அன்பு மகள் கயலுக்கு,

நர்சரிக்கு ஈர மண்ணும் உரமும் ஏற்றுகிற வண்டியின் பின்பெட்டிக்கு ஸ்ப்ரே லைனர்தான், அதாவது தகரத்தின் மேலேயே தெளித்து இறுகவைக்கும் பூச்சுதான் சரி. கழற்றி மாட்டுகிற பிளாஸ்டிக் தொட்டி மலிவுதான், ஆனால் அதற்கும் தகரத்துக்கும் நடுவே மணலும் மழைத்தண்ணீரும் இறங்கும். வண்டி ஆட ஆட மணல் பெயின்டைத் தேய்க்கும்; அடியில் துரு ஓடுவது உன் கண்ணில் படாது. உர உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பூச்சு அடிக்கிற கடைத் தவுக்கே (முதலாளி) பாலியூரியா, பாலியூரிதேன் என்று பூச்சு வகைகளின் பெயர்களை அடுக்குவார். பெயரை விடு, கனத்தைக் கேள்: தரையில் 2 முதல் 3 மில்லிமீட்டர். மழை நாளில் திறந்த கொட்டகையில் அடிப்பவரிடம் கொடுக்காதே. பூச்சை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற ரசாயனத்தில் ஈரம் பட்டால் கரியமில வாயு கிளம்பும், பூச்சுக்குள் குமிழ் கட்டும். சுங்கை பூலோ வெயிலில் நாள் முழுக்க நிற்கிற வண்டி என்பதால், கறுப்பு வெளுக்காமல் இருக்க யூவி டாப்கோட் (வெயில் தாங்கும் மேல்பூச்சு) உண்டா என்றும் கேட்டுக்கொள்.

பூச்சு உரிந்தால் எல்லோரும் பூச்சு மருந்தைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் தேய்ப்பில். முதலில் கொக்கி, போல்ட் எல்லாம் கழற்றி, எண்ணெயும் மெழுகும் போகக் கழுவ வேண்டும். பிறகுதான் 80ஆம் நம்பர் உப்புத்தாள். முறை மாறினால் மெழுகு கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தரையின் வரிப் பள்ளங்களுக்கும் மூலைகளுக்கும் மெஷின் எட்டாது, கையால் தேய்க்க வேண்டும். அடிக்கும் முன் நீயே போய், கைப்பேசி விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பார். எங்கே பளபளக்கிறதோ அங்கேதான் நாளைக்கு உரியும். துரு இருந்தால் தகரம் தெரியச் சுரண்டி எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்க வேண்டும். தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடப் போகிறார்கள், ஒவ்வொன்றாக எண்ணிப் பார்.

சொரசொரப்பை நடுத்தரமாகக் கேள். ரொம்ப முரடாக இருந்தால் உரமூட்டையை இழுக்கும்போது பை கிழியும், முட்டி போட்டு ஏறினால் தோலும் போகும்.

நாலு பாட்டில் கிட் வாங்கி நாமே அடிக்கலாமே என்று கேட்டிருந்தாய். பாட்டிலுக்கு 750 மில்லி மருந்து, 250 மில்லி ஹார்டனர், கலப்பது சுலபம். ஆனால் அடிக்கும்போது கிளம்பும் புகை ஆஸ்துமாவைக் கிளப்பும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது. உனக்கு வீசிங் இருக்கிறது. வேண்டாம்மா.

மறுநாளே சுமை ஏற்றலாம் என்பார்கள். மண்வெட்டியும் உரமும் ஒரு வாரம் பொறுக்கட்டும்.

அப்பா