வரலாறு, ஜியாக்ரபி பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

போர்டு ஆஃப் ஸ்டடீஸ்ல இருக்கற பேராசிரியர்களுக்கும், கலை அறிவியல் கல்லூரி நடத்துற நிர்வாகங்களுக்கும் வணக்கம்.

நான் தமிழ்நாட்டுல ஒரு காலேஜ்ல வரலாறு சொல்லிக் குடுக்கறேன். அட்மிஷன் சமயத்துல பிள்ளைங்கள கூட்டிட்டு வர்ற அப்பா அம்மா எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், பிஏ ஹிஸ்டரி படிச்சா என்ன வேலை சார் கிடைக்கும், ஜியாக்ரபி படிச்சா டீச்சர் வேலைய விட்டா வேற என்ன இருக்கு. நாமளும் டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சினு ஒரு பதிலச் சொல்லி அனுப்பி வச்சிடறோம். அந்தப் பதில் பத்தாதுங்க. அந்தப் பரீட்சையில தேறுறவங்க ரொம்பக் கொஞ்சம் பேரு, மத்த பசங்க எல்லாரும் மூணு வருஷம் நம்மகிட்ட உக்காந்துட்டு என்ன கத்துக்கிட்டு வெளிய போறாங்கங்கறதுக்கு நாமதான் பதில் சொல்லணும். வாழ்க்கை முழுக்க கூட வர்ற திறமை இந்த ரெண்டு பாடத்துலயும் இருக்கு, நாம வைக்கற கேள்வித்தாள்தான் அத வளரவிடாம தடுக்குது, இதத்தான் நான் இங்க சொல்ல வர்றேன்.

எடுத்துக்காட்டுக்கு குடவோலை முறை, அதாவது பேர ஓலையில எழுதி குடத்துல போட்டு ஊர்ச் சபை வாரியத்துக்கு (குழுவுக்கு) ஆள் எடுத்த முறை. "குடவோலை முறை பற்றி கட்டுரை வரைக", பத்து மார்க். பசங்க நோட்ஸ்ல இருக்கறத அப்படியே எழுதி, சோழர் காலத்துலயே ஜனநாயகம் தழைத்தோங்கியதுன்னு முடிச்சா மார்க் போட்டுடறோம். அதே பசங்க கையில உத்திரமேரூர் கல்வெட்டு வாசகத்தையே குடுத்துப் பாருங்க, முதலாம் பராந்தகன் காலத்தது, 919ல ஒண்ணு 921ல ஒண்ணு. அதுல யார் பேர ஓலையில எழுதலாம்னு தெளிவா இருக்கு: வரி கட்டற நிலம் கால் வேலிக்கு (வேலிங்கறது பழைய நில அளவு) மேல சொந்தமா இருக்கணும், சொந்த மனையில வீடு கட்டி இருக்கணும், 35 வயசுக்கு மேல 70க்குள்ள இருக்கணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். ஏற்கெனவே வாரியத்துல இருந்து கணக்கு காட்டாதவனுக்கு இடமில்ல, அவன் சொந்தக்காரங்களுக்கும் இடமில்ல. இத வரி வரியா படிக்கற பையன் தானாவே கேக்க ஆரம்பிச்சிடுவான், நிலம் இல்லாதவன் என்ன ஆனான், பொம்பளைங்க எங்க, இது பிராமணருக்குக் குடுத்த சதுர்வேதிமங்கலம் ஆச்சே, பக்கத்துல இருந்த வெள்ளாளர் ஊர்லயும் இதே முறைதானா, கணக்கு காட்டாதவன இவ்வளவு கண்டிப்பா ஒதுக்கறாங்கன்னா அதுக்கு முன்னாடி ஏதோ நடந்திருக்கணுமே. இந்தக் கேள்வி கேக்கற பழக்கம்தான் சார் வரலாற்றுப் படிப்பு. பெருமைப்பட வேண்டியதுக்கு பெருமைப்படலாம், கணக்கு ஒப்படைக்கறதுல அவங்க காட்டின கறார் இன்னைக்கும் வியப்பாத்தான் இருக்கு, ஆனா எது யாருக்குப் பொருந்தும்னு பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்ச பிறகு வர்ற பெருமைதான் நிலைக்கும்.

இத யார் எழுதினது, எப்ப, யாருக்காக, எதுக்காக, இதுக்கு வேற சான்று இருக்கா. கல்வெட்டுல இந்த அஞ்சையும் கேட்டுப் பழகினவன் வாட்ஸ்ஆப்ல வர்றத அப்படியே நம்ப மாட்டான். உலகத்துலயே சிறந்த தேசிய கீதம் நம்மதுன்னு யுனெஸ்கோ அறிவிச்சிடுச்சுன்னு ஒரு பொய் பல வருஷமா சுத்துது, டிகிரி முடிச்சவங்களே ஃபார்வர்டு பண்றாங்க. ஒரு கம்பெனி ரிப்போர்ட்ட படிக்கவும், ஒரு நில வழக்குல பழைய பத்திரத்தையும் கிராமத்து நிலப் பதிவேடான ஏ ரிஜிஸ்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எது முந்தினது எது இடைச்செருகல்னு பார்க்கவும் வேணுங்கறது இதே கண்ணுதான்.

ஜியாக்ரபிலயும் இதே நிலைமைதான், அங்க இன்னும் வருத்தமா இருக்கு, ஏன்னா அது கையால செஞ்சு கத்துக்க வேண்டிய பாடம். டோப்போ ஷீட்ட (நிலத்தோட மேடு பள்ளம் காட்டற சர்வே மேப்ப) வச்சு கன்டூர், அதாவது ஒரே உயரத்துல இருக்கற இடங்கள சேர்க்கற கோடு, வரையச் சொல்றோம், ரெக்கார்டு நோட்டுல கலர் பென்சில்ல அழகா வரைஞ்சு கையெழுத்து வாங்கிடறாங்க. ஆனா அந்த 1:50,000 ஷீட்ல கன்டூர் கோடு 20 மீட்டருக்கு ஒண்ணுதான், சென்னையோட பெரும்பகுதி அந்த முதல் 20 மீட்டர் கோட்டுக்குக் கீழயே முடிஞ்சிடுது, அப்போ 2015 டிசம்பர்ல தண்ணி எந்தத் தெருவுல நின்னுச்சு எதுல நிக்கலங்கறத அந்த மேப் சொல்லவே சொல்லாது. இந்த மேப்பால எதச் சொல்ல முடியாதுன்னு ஒரு பொண்ணு கண்டுபிடிச்சான்னா அவ பாதி ஜியாக்ரபர் ஆயிட்டா. அடுத்து அவ சாட்டிலைட் படத்தத் தேடுவா, இஸ்ரோவோட மேப் வெப்சைட்டான புவன்ல போய்ப் பார்ப்பா, காசில்லாம கிடைக்கற க்யூஜிஐஎஸ்ங்கற மேப் சாஃப்ட்வேர்ல பழைய மேப்ப இன்னைக்கு மேப் மேல ஏத்திப் பார்ப்பா. தி.நகர் 1920கள்ல லாங் டேங்க்ங்கற பெரிய ஏரிய தூத்து உருவாக்கினது, வள்ளுவர் கோட்டம் நிக்கற இடம் நுங்கம்பாக்கம் ஏரி, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் சுருங்கிப் போய் மிச்சம் இருக்கறதுக்கு 2022லதான் ராம்சார் அங்கீகாரம் (உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலம்ங்கற அங்கீகாரம்) வந்துச்சு. இதெல்லாம் ஆவணத்துல வரலாறா இருக்கு, தரையில ஜியாக்ரபியா இருக்கு, ரெண்டையும் சேர்த்துப் பார்க்கற ஆள் ஒரு வீடு வாங்கறவருக்கும் உதவுவான், மாநகராட்சிக்கும் உதவுவான், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உதவுவான்.

காவிரி வழக்கையே பாருங்களேன். 1892, 1924 ஒப்பந்தங்கள் இன்னும் செல்லுமாங்கறது ஒரு பக்க வாதம். இன்னொரு பக்கம், 2018ல உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 192 டிஎம்சிய 177.25 ஆ குறைச்சப்போ, அந்த 14.75ல 10 டிஎம்சி நம்ம டெல்டாவுல நிலத்தடி நீர் இருக்குங்கற கணக்குல போனது, மீதி 4.75 பெங்களூரு குடிதண்ணிக்கு. பழைய ஒப்பந்தத்தையும் மண்ணுக்கடியில இருக்கற தண்ணியையும் ஒரே மேஜையில வச்சுப் பேசத் தெரிஞ்ச ஆளுங்க நமக்கு வேணுமா வேண்டாமா? அவங்கள உருவாக்கற ரெண்டு டிபார்ட்மெண்ட்டையும் அட்மிஷன் குறையுதுன்னு இழுத்து மூடிட்டு வேற எங்க போய்த் தேடுவோம்?

நான் முதல்வன் மாதிரி திட்டத்துல ஸ்கில் கோர்ஸ் நடக்குது, நல்ல விஷயம், நடக்கட்டும். ஆனா எங்க பசங்களோட திறமைய வெளியிலருந்து வந்துதான் ஒட்ட வைக்கணும்னு இல்ல, டிகிரிக்குள்ளயே அது கிடக்கு.

அதுக்கு பெரிய காசும் ஆகாது. எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக்காப்பகம் இருக்கு, கன்னிமாரா நூலகமும் அங்கேயே, தரமணியில ரோஜா முத்தையா நூலகம். 1802ல லாம்டன்ங்கற பிரிட்டிஷ் சர்வேயர் இந்தியாவையே அளக்க அடிக்கோடு (மத்த அளவுக்கெல்லாம் ஆதாரமான கோடு) போட்டது பரங்கிமலை பக்கத்துல, லோக்கல் ட்ரெயின்ல போயிடலாம். மத்த மாவட்டத்துலயும் கல்வெட்டு இல்லாத பழைய கோயில் எத்தனை இருக்கும், ஏரி இல்லாத கிராமம் எத்தனை இருக்கும்? டூர்னு பேரு வச்சு பஸ் புடிச்சு போட்டோ எடுத்துட்டு வர்றத சொல்லல. ஒரு ஊருக்குப் போய் எப்எம்பி ஸ்கெட்ச்ச (சர்வே நம்பர் வாரியா இருக்கற நில அளவு வரைபடத்த) கையில வச்சு ஏரிக்கரைய நடந்து பார்க்கணும், பெரியவங்ககிட்ட உக்காந்து பேசணும், அவங்க சொன்னதும் ஆவணத்துல இருக்கறதும் ஒத்துப்போகலன்னா அது ஏன்னு பத்து பக்கம் சொந்தமா எழுதணும்.

அதனால நான் கேக்கறது இவ்வளவுதான். ஒவ்வொரு பேப்பர்லயும் பாதி மார்க்காவது முன்ன பின்ன பார்க்காத ஒரு சான்றக் குடுத்து கேள்வி கேளுங்க, ஒரு கல்வெட்டுப் பகுதி, ஒரு கலெக்டர் கடிதம், ஒரு டோப்போ ஷீட் துண்டு, எதுவா இருந்தாலும் சரி. கள ஆய்வ இன்டர்னல் மார்க்குக்கான சடங்கா வைக்காம தனி கிரெடிட்டா ஆக்குங்க. பிகாம், பிசிஏ படிக்கற பசங்களுக்கும் இந்த பேப்பர எடுக்க வழி விடுங்க. நிர்வாகத்துல இருக்கறவங்க ஜியாக்ரபி டிபார்ட்மெண்ட்டுக்கு கொஞ்சம் நல்ல கம்ப்யூட்டர் குடுங்க, வரலாற்று டிபார்ட்மெண்ட்டும் அங்க வந்து உக்காந்துக்கும்.

திருத்தறதுக்கு வேலை கூடும்னு சொல்வீங்க, கூடத்தான் செய்யும், நோட்ஸ்ல இருந்து வர்ற பதில மாதிரி கண்ண ஓட்டி மார்க் போட முடியாது. அந்த வேலைக்கு நாங்க தயார். உத்திரமேரூர் கல்வெட்ட வச்சு ஒண்ணு, சென்னை டோப்போ ஷீட்ட வச்சு ஒண்ணுன்னு ரெண்டு மாதிரி கேள்வித்தாள் எழுதி வச்சிருக்கேன், அடுத்த கூட்டத்துல பத்து நிமிஷம் குடுத்தீங்கன்னா கொண்டு வந்து வைக்கறேன்.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்