புகாண்டா அரசர் பட்டியலில் தாய்மார் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிழக்காப்பிரிக்காவின் புகாண்டா அரசைப் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கட்டுரையை எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் பலரும் விரும்பிப் படித்தோம். ஆப்பிரிக்கா என்றாலே பஞ்சமும் போரும் காட்டு விலங்குகளுமே செய்தியாக வரும் நிலையில், விக்டோரியா ஏரியின் வடமேற்குக் கரையில் பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்த ஓர் அரசுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியமைக்கு நன்றி. ஆனால் கட்டுரையோடு அச்சிடப்பட்ட அரசர் பட்டியல், முதல் அரசராகக் கருதப்படும் கிந்து தொடங்கி இரண்டாம் முவாங்கா வரை ஆண்களின் பெயர்களை மட்டுமே அடுக்கியிருந்தது. புகாண்டாவில் அரசுரிமை எவ்வாறு நடந்தது என்பதை அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு புரிந்துகொள்ளவே முடியாது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

புகாண்டா மக்கள் யானை, நீர்நாய், சிங்கம், காளான் முதலிய சின்னங்களைக் கொண்ட பல குலங்களாகப் பிரிந்தவர்கள். சாதாரணக் குடிமகன் தந்தையின் குலத்தைச் சேர்ந்தவன். கபாக்கா எனப்படும் அரசரின் பிள்ளைகள் மட்டும் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்களாகக் கருதப்பட்டார்கள். அரச குலம் என்று தனியாக ஒன்று அங்கு இல்லாமற்போனதற்கும், அரண்மனைக்குப் பெண் கொடுத்த ஒவ்வொரு குலமும் தன் பேரன் ஒருநாள் முரசுக்கு உரியவனாவான் என்று காத்திருந்ததற்கும், அதனால் அரியணை ஒரே குடும்பத்தின் சொத்தாக இறுகிவிடாமல் எல்லாக் குலங்களையும் அரசோடு கட்டிவைத்ததற்கும் இதுவே காரணம். மூத்த மகனுக்குப் பட்டம் இல்லை என்ற மரபும் இருந்ததால், எந்தத் தாயின் மகன் தேர்ந்தெடுக்கப்படுவான் என்பதே அரசியலின் மையமாக இருந்தது. நம் மலேசியாவில் நெகிரி செம்பிலானின் பெர்பாத்தே அடாட் என்னும் தாய்வழி மரபை அறிந்த வாசகர்களுக்குத் தாய்வழிக் குலம் புதிதன்று; அங்கே அது குடிமக்களின் வழக்கம், புகாண்டாவிலோ அரச பிள்ளைகளுக்கு மட்டும் உரிய விதிவிலக்கு.

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவின் கசுபி குன்றில் அடக்கம் செய்யப்பட்டுள்ள நான்கு கபாக்காக்களை எடுத்துக்கொள்வோம். முதலாம் முத்தேசாவின் தாய் யானைக் குலம். முத்தேசாவின் மகன் முவாங்காவின் தாய் நீர்நாய்க் குலம். பேரன் தாவுதி ச்வாவின் தாய் மான் குலம். கொள்ளுப்பேரன் இரண்டாம் முத்தேசாவின் தாய் பசுக் குலம். தந்தை வழியில் பார்த்தால் இது ஒரே நேர்கோடு. தாய் வழியில் பார்த்தாலோ நான்கு தலைமுறையில் நான்கு குலங்கள் அரியணையைத் தொட்டிருக்கின்றன.

கபாக்காவின் தாய்க்கு நமசோலே என்று பட்டம். அவருக்குத் தனி அரண்மனை, தனி நிலங்கள், கபாக்காவின் சபையில் உள்ளவர்களுக்கு நிகரான பட்டங்களைத் தாங்கிய தனி அதிகாரிகள் என அனைத்தும் இருந்தன. மகன் வாழும் குன்றில் அவர் வாழக்கூடாது; இருவருக்கும் இடையே ஓர் ஓடை ஓட வேண்டும் என்பது மரபு. 1856இல் முதலாம் முத்தேசாவின் தந்தையான கபாக்கா சூனா இறந்தபோது, தலைமை அமைச்சரான கத்திக்கிரோ கயீராவின் துணையோடு இளைஞரான முத்தேசா அரசரானார். அவருடைய தாய் முகன்சிர்வாசா அந்த ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் பெரும் செல்வாக்குடன் விளங்கினார். 1862இல் அங்கு வந்த ஆங்கிலேயப் பயணி ஸ்பீக் நமசோலேயின் அரண்மனைக்கும் பலமுறை போனார். அவருக்கு மருந்தும் கொடுத்தார். மகனிடம் காரியம் ஆக வேண்டுமானால் தாயையும் பார்த்தாக வேண்டும் என்பது வந்த சில நாட்களிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது போலும்.

இதற்கு விலையும் இருந்தது. நமசோலே மறுமணம் செய்துகொள்ளக் கூடாது. மரபு எவ்வளவு வலுவானது என்பதற்குப் பிற்காலச் சான்று ஒன்று உண்டு. 1941இல் இரண்டாம் முத்தேசாவின் தாய் துருசில்லா நமகண்டா மறுமணம் செய்ய விரும்பியபோது எழுந்த கொந்தளிப்பில், அதற்கு ஆதரவாக நின்ற கத்திக்கிரோ ந்சிபிர்வா பதவி விலக நேர்ந்தது. இளவரசியரின் நிலையும் எளிதாக இல்லை. பழைய வழக்கப்படி அவர்கள் மணம் முடிக்கவோ பிள்ளை பெறவோ அனுமதி இல்லை. கபாக்காவோடு சேர்ந்து பட்டம் ஏற்கும் சகோதரி லுபுகா எனப்பட்டார். அரசரின் மனைவியருள் எவருக்கும் இல்லாத இடம் அவருக்கு இருந்தது. ஆகவே 'புகாண்டா அரசி' என்று கட்டுரையில் எழுதும்போது, மனைவியைக் கருதாமல் தாயையும் சகோதரியையுமே கருத வேண்டும்.

பட்டியலில் தந்திருந்த ஆண்டுகளைப் பற்றியும் ஒரு சொல். சூனாவின் காலத்தில், 1840களில், அரபு வணிகர்கள் வந்த பிறகே வெளியார் சாட்சியங்கள் கிடைக்கின்றன. அதற்கு முந்தைய ஆண்டுகள் குலங்களின் வாய்மொழி மரபிலிருந்து தலைமுறைகளை எண்ணிக் கணித்தவையே. கிந்துவுக்குத் துல்லியமான ஆண்டு போடுவது பொருத்தமன்று.

பேராக் வாசகர்களுக்குச் சுவையான இணைப்பு ஒன்றையும் கட்டுரையாளர் விட்டுவிட்டார். பாசிர் சாலாக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நம் சுல்தான் அப்துல்லா 1877இல் நாடு கடத்தப்பட்ட அதே சீஷெல்ஸ் தீவுகளுக்குத்தான், பிரிட்டிஷாரை எதிர்த்துத் தோற்ற முவாங்காவும் 1899இல் அனுப்பப்பட்டார். அவர் 1903இல் அங்கேயே இறந்தார். குழந்தையான தாவுதி ச்வாவின் பெயரில் ஆட்சிப் பொறுப்பாளர்கள் 1900இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில்கூட, நமசோலேக்கு 16 சதுர மைலும், முவாங்காவின் தாய்க்கு 10 சதுர மைலும் நிலம் தனித்தனியே எழுதப்பட்டன. பிரிட்டிஷ் அதிகாரிகளே கணக்கில் வைத்த பெண்களை நாம் விட்டுவிடலாமா?

புகாண்டாவின் அண்டை அரசான புன்யோரோவைப் பற்றியும் கட்டுரை வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்குமுன் புகாண்டாவின் பட்டியலைத் திருத்தி, ஒவ்வொரு கபாக்காவின் பெயருக்கும் எதிரே தாயின் பெயரையும் அவர் குலத்தையும் சேர்த்து மீண்டும் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் முந்தைய பட்டியலை வெட்டி வகுப்பறைப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். புதியதையும் பக்கத்தில் ஒட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.