சேனையும் தானையும்

அன்பு மகளுக்கு,

நாங்கள் இங்கே சுகம். அப்பாவின் கால் வீக்கம் வற்றிவிட்டது. வயலுக்குப் போய் வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. உன்னோடு படித்தவர்கள் எல்லாரும் காசு சேர்த்திருக்கிறோம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஸ்மார்ட் போர்ட் வாங்கித் தரலாமா என்று அதிபரிடம் கேட்டுச் சொல்லுங்கள் அம்மா என்றாய். கேட்டேன். அவருக்கு நல்ல சந்தோசம். எனக்குத்தான் வேறொன்று சொல்ல இருக்கிறது. போனில் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் லைன் அறுந்துவிடும், நானும் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

இந்த வருஷம் எனக்கு ஆறாம் ஆண்டுத் தமிழ். 31 பிள்ளைகள். முதல் கிழமையே ஒவ்வொருவராக எழுப்பி வாசிக்கச் சொன்னேன். 9 பேருக்கு வாசிப்பு வரவில்லை. எழுத்துத் தெரியாது என்றில்லை. கொம்பும் அரவும் சேர்ந்து வந்தால் நின்றுவிடுகிறார்கள். ‘கொ’ வந்தால் ‘கெ’ என்று பிடித்துவிட்டு, பக்கத்தில் நிற்கிற அரவை என்ன செய்வதென்று தெரியாமல் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நம் பள்ளிக்கூடங்களில் பிள்ளை வருஷம் தவறாமல் வகுப்பேறிவிடும். வாசிப்பும் கூடவே ஏறியதா என்று யாரும் மறித்துக் கேட்பதில்லை. அதிலும் இவர்கள் 2020 தையில் முதலாம் ஆண்டுக்கு வந்த பிள்ளைகள். பங்குனியில் கொரோனா என்று பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். 2022இல் எண்ணெய் இல்லை, பஸ் இல்லை என்று மறுபடியும் முடங்கியது. கையைப் பிடித்து ஆனா ஆவன்னா எழுதப் பழக்க வேண்டிய வயதில், வட்ஸ்அப்பில் வந்த தாளைப் பார்த்து எழுதினார்கள். நல்ல போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே நம் படுவான்கரையில் எத்தனை வீட்டில் போன் இருந்தது, எத்தனை இடத்தில் சிக்னல் இருந்தது என்று உனக்குத் தெரியும்.

கடைசி வாங்கில் ஒருவன் இருக்கிறான். பெயர் எழுதவில்லை, ஊர் சின்னது. தாய் குவைத்தில், வீட்டு வேலை. அவன் அம்மம்மாவோடு இருக்கிறான். வேளாண்மை வெட்டு நாளில் பள்ளிக்கூடப் பக்கமே வரமாட்டான். வாசிக்க எழுப்பினால் புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்பான். நானும் ‘சரி, இரு மகன்’ என்று விட்டுவிடுவேன். அப்படி விட்டது பிழை என்று இப்போது நினைக்கிறேன். அவனை இருக்கச் சொல்லிச் சொல்லியே ஒரு தவணை போய்விட்டது.

சித்திரை விடுமுறைக்குப் பிறகு கூத்து வந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும், ஆறாம் ஆண்டில் பிள்ளைகள் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்று ஒன்றைத் தெரிவு செய்வார்கள். நாடகம் எடுத்த பிள்ளைகளுக்கு ஆசிரியர் இல்லை, பாடவேளையில் மரத்தடியில் சும்மா இருந்தார்கள். அதிபர் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்ல, ‘ஆடப் பழக்கிறதுக்கு ஆள் ஏன் வெளியில தேடுறீங்க’ என்று ஒரு தகப்பன் எழும்பிக் கேட்டார். அப்படித்தான் ஊரில் கூத்துப் பழக்குகிற நம் அண்ணாவியார் வந்தார். செவ்வாயும் வியாழனும் பின்னேரம். எழுபது தாண்டிய மனிதன், சைக்கிளில் மத்தளத்தைக் கட்டிக்கொண்டு வருவார்.

வடமோடிக் கூத்து. பாரதக் கதையில் அபிமன்யு சண்டைக்குப் போகிற பகுதியை மட்டும் எடுத்தார். கோயிலில் செய்வது போலவே நல்ல நாள் பார்த்துச் சட்டம் கொடுத்தோம். வெற்றிலை வைத்து, விளக்கேற்றி, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று கொப்பித் தாளை அண்ணாவியார் கையில் கொடுக்க, பிள்ளைகள் குனிந்து வாங்கினார்கள். அன்றைக்கு வந்த சனத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பெற்றார் கூட்டம் என்று கடிதம் கொடுத்தால் பத்துப் பேர் வருவார்கள், கையெழுத்து வைத்துவிட்டு வாசல் பக்கமே பார்ப்பார்கள். அன்று அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் வெயில் தாழ முதலே வந்து மரத்தடியில் இடம் பிடித்துவிட்டார்கள். பெண் பிள்ளைகள் சதங்கை கட்டலாமா என்று இரண்டு பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். ‘இது பள்ளிக்கூடக் களரி’ என்று அண்ணாவியார் ஒரே சொல்லில் முடித்தார். விடியவிடிய ஆடுவதை ஒரு மணித்தியாலமாக வெட்டுவதா என்று இன்னொருவர் கேட்டதற்கு, 1960களில் பேராதனையில் இருந்த பேராசிரியர் வித்தியானந்தன் இதே வேலையைத்தான் செய்தார், கூத்தைச் சுருக்கி நகரத்து மேடைக்குக் கொண்டுபோனார், அவரிடம் ஆடிய மாணவர்களில் நம் மட்டக்களப்பு மௌனகுருவும் ஒருவர் என்று நான் எடுத்துச் சொன்னேன். ‘அவங்க படிச்ச ஆக்கள்’ என்றார். ‘நம்முட பிள்ளைகளும் படிக்கத்தானே வந்திரிக்கி’ என்று பின்னாலிருந்து யாரோ ஒரு அம்மம்மா சொன்னாள்.

அந்தச் சொல்லைத்தான் நான் பிறகு நாள் முழுக்க யோசித்தேன். நம் பக்கம் கூத்துப் பாட்டைப் பாடுகிறார்கள் என்று சொல்வதில்லை, படிக்கிறார்கள் என்போம். புத்தகத்தை வாசிக்கிறோம், பாட்டைப் படிக்கிறோம். என் கடைசி வாங்குப் பிள்ளைக்கு வாசிக்க வராது. ஆனால் படிக்க வந்தது. சட்டம் கொடுத்த மூன்றாம் நாள் அவன் தன் பாட்டுக்களை முழுக்கப் படித்துவிட்டான், கையில் கொப்பியைப் பிடித்துக்கொண்டு. எனக்கு மேல் புல்லரித்துப் போனது. அடுத்த நாள் வகுப்பில் அதே வரிகளைக் கரும்பலகையில் இடம் மாற்றி எழுதி, ராகம் இல்லாமல் வாசி என்றேன். ஒரு சொல்லும் வரவில்லை. மனப்பாடம். தாய் வழியில் நாலு தலைமுறைக் கூத்துக்காரர்கள், தொட்டிலிலேயே கேட்டிருப்பான்.

மனம் விட்டுப்போய் அண்ணாவியாரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ‘மறுகா பார்ப்பம் டீச்சர்’ என்றார். அடுத்த பழக்கத்தில் ஒரு புது முறை வைத்தார். எல்லாப் பிள்ளைகளும் வட்டமாக இருக்க வேண்டும், மடியில் கொப்பி, சுட்டுவிரல் எழுத்தின் மேல். மத்தளத்தில் ஒரு அடி விழுந்தால் விரல் ஒரு சொல் நகர வேண்டும். அடிக்கு முந்தியும் ஓடக் கூடாது, பிந்தியும் நிற்கக் கூடாது. கூத்தில் ஒரு வரியை ஆடுகிறவன் படிக்க, பிற்பாட்டுக்காரர் அதையே திருப்பிப் படிப்பார்கள் அல்லவா? அப்படி ஒரு வரி வந்து வந்து போவதற்குள் ஒரே சொல்லைக் காது இரண்டு மூன்று தரம் கேட்கிறது, கண்ணும் அத்தனை தரம் பார்க்கிறது. யாரும் ‘வாசி’ என்று மிரட்டுவதில்லை. பிழைத்தால் பிற்பாட்டு மூடிவிடும், வெட்கம் இல்லை. நான் 26 வருஷம் படிப்பித்தவள், ஒரு வரியை வெட்கமில்லாமல் மூன்று தரம் பார்க்க வைக்க இவ்வளவு லேசான வழி இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே. மத்தளம் இல்லாத நாளில் நானும் வகுப்பில் மேசையைத் தட்டி அதையே செய்தேன். பக்கத்து வகுப்பு சேர் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு வியாழக்கிழமை. அண்ணாவியார் ஒரு வரியைப் படித்துக் காட்டினார், பகைவரின் ‘சேனை’ திரண்டு வந்தது என்று. மத்தளம் நடந்துகொண்டிருக்கிறது, எல்லா விரலும் நகர்கிறது. அவன் விரல் மட்டும் நின்றுவிட்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரலை எடுக்காமல் தலையை நிமிர்த்திச் சொன்னான்:

‘அண்ணாவியார், கொப்பியில வேற சொல்லு இரிக்கி. தா... னை. தானை எண்டு இரிக்கி.’

மத்தளம் நின்றது. எனக்கு நெஞ்சு அடித்தது அவ்வளவு பேருக்கும் கேட்டிருக்கும். மகள், அவன் கேட்டதற்கும் கண்டதற்கும் வித்தியாசம் கண்டுபிடித்திருக்கிறான். மனப்பாடம் செய்தவனுக்கு அது முடியாது. வாசித்தவனுக்குத்தான் முடியும்.

அண்ணாவியார் கண்ணாடியைப் போட்டுக் கொப்பியை வாங்கிப் பார்த்தார். ‘ஓம். தானைதான் எழுதியிரிக்கி. எங்கட அப்பா சேனை எண்டுதான் படிச்சவர், நானும் அப்படியே படிச்சிற்றன்’ என்றார். ஒரு சின்னப் பிள்ளை தன் பாட்டைத் திருத்தியதில் அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிறகு அவன் அடுத்த கேள்வியைக் கேட்டான். சேனைக்குள் எப்படிச் சண்டை வரும், சோளம் மிதிபட்டுப் போகாதா என்று. பாவம், இத்தனை நாளும் அவன் சோளமும் கச்சானும் போடுகிற சேனைக்குள் அபிமன்யுவை நிறுத்தி வைத்திருக்கிறான்! அவன் மட்டுமில்லை, முக்கால்வாசிப் பிள்ளைகள் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். அன்றைக்கு நான் நடத்திய தமிழ்ப் பாடம் போல இந்த வருஷம் வேறொன்றும் நடத்தவில்லை. சேனை என்றால் படை, தானை என்றாலும் படை, நாம் சோளம் போடுகிற சேனையும் இருக்கிறது என்று மரத்தடியிலேயே சொல்லிக்கொடுத்தேன். இரண்டு சொல்லையும் மண்ணில் குச்சியால் எழுதினார்கள்.

அந்த 9 பேரில் 6 பேர் இப்போது பாடப்புத்தகத்தைத் தட்டுத் தடுமாறியாவது தாங்களே வாசிக்கிறார்கள். இரண்டு பேருக்கு இன்னும் வரவில்லை, அவர்களுக்குக் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு பெண் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டே நின்றுவிட்டாள், தேடிப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அரங்கேற்றம் போன மாதம் நடந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் வட்டக் களரி போட்டு, நாலு பக்கமும் சனம். யானை இறங்குகிற காலம் என்பதால் இருட்ட முதலே தொடங்கி எட்டு மணிக்கு முடித்தோம். தூரத்துப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட உழவு இயந்திரமும் யானை வெடியும் ஆயத்தமாக வைத்திருந்தார்கள். அவன் அம்மம்மா போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். குவைத்தில் இருந்து தாய் பார்த்தாளாம். கை உளைகிறது என்று பக்கத்தில் நின்றவர்கள் மாறி மாறிப் பிடித்தார்கள்.

களரியின் ஓரத்தில் ஒரு பெண் பிள்ளை மத்தளம் அடித்தாள். ஏழாம் ஆண்டு. அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு உன் ஞாபகம். 2007இல் நாம் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த அந்த வருஷம் நீயும் ஏழாம் ஆண்டு. கூத்துப் பழகினார்கள், நீ மத்தளம் பழகப் போகிறேன் என்று கேட்டாய். ‘கூத்துச் சோறு போடாது, போய்ப் படி’ என்று நான்தான் மறித்தேன். நீ அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. மண்முனையில் பாலம் வராத காலம், வாவியைக் கடக்கிற பாதைப் படகில் ஏறி டவுனுக்குப் போய் உயர்தரம் படித்தாய், கெட்டிக்காரியாக வெளிக்கிட்டாய், கனடா வரைக்கும் போனாய். அதெல்லாம் நல்லதுதான். ஆனால் கூத்து ஒரு புறம், படிப்பு ஒரு புறம் என்று நான் பிரித்துப் பார்த்தது பிழை. உன்னிடம் ஒன்றை மறித்துவிட்டேன் மகள். அம்மாவை மன்னித்துக்கொள்.

இப்போது காசு விஷயம். ஸ்மார்ட் போர்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்தாம், பதினொராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்துக்கு அது உதவும். ஆனால் முதலில் இதற்குக் கொடுங்கள்: மத்தளம் இரண்டுக்குத் தோல் மாற்ற வேண்டும், பிள்ளைகளின் காலளவுக்குச் சதங்கை வேண்டும், வாசிகசாலை அலுமாரியைக் கறையான் அரித்துவிட்டது, இரும்பில் ஒன்று வேண்டும். அண்ணாவியாருக்குப் பள்ளிக்கூடம் இதுவரை ஒரு சதமும் கொடுக்கவில்லை, கேட்கவும் மாட்டார். சைக்கிளில் அவ்வளவு தூரம் வருகிறார். அவருக்கு மாதாமாதம் ஏதாவது கொடுக்க வழி செய்யுங்கள். உன் கூட்டாளிகள் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. இந்தக் கடிதத்தை அவர்களுக்கும் வாசித்துக் காட்டு.

உனக்கென்று தனியாக ஒரு வேலையும் இருக்கிறது. அண்ணாவியாரின் கொப்பி அவருடைய தகப்பன் கையெழுத்து, 46 பக்கம், ஓரமெல்லாம் உதிர்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். உனக்குத் தமிழ் டைப் பண்ண வரும்தானே, எழுத்தைப் பெரிதாகப் போட்டு அடித்து அனுப்பு. இங்கே நாங்கள் அச்செடுத்து ஆளுக்கொரு கொப்பி கொடுப்போம். விளங்காத சொல் இருந்தால் நீயாக மாற்றாதே, என்னிடம் கேள், நான் அண்ணாவியாரிடம் கேட்கிறேன். 31ஆம் பக்கத்தில் அந்த வரி வரும். அங்கே தானை என்றே அடித்து, பக்கத்தில் சின்னதாகச் சேனை என்றும் போடு. இரண்டும் இருக்கட்டும் என்று அண்ணாவியார் சொன்னார். அவனும் சம்மதித்தான்.

குளிர் தொடங்க முதல் சப்பாத்து வாங்கு. அப்பா கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்
அம்மா