செயலாளர் ஆண்டறிக்கை 2024–25 (ஊதா மை விவகாரம் உட்பட)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சிரமம் பார்க்காமல் வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

திருச்சியில் இயங்கிவரும் நம் மைப்பேனா ஆர்வலர் சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். போன வருடத்தைவிட இது நீளம். அதற்குக் காரணம், சங்கக் கணக்கில் நான் வாங்கி, சங்கக் குறிப்பேட்டை எழுதிய ஊதா மை. வாட்ஸப் குழுவில் அதைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்லியாகிவிட்டது. செயலாளர் தரப்பு பதிவாக வேண்டிய இடம் இந்த அறிக்கைதான்.

முதலில் வழக்கமானவை. ஏப்ரலில் பொதுக்குழு கூடியது. ஜூனில் பள்ளி திறந்ததும் மாணவர்களுக்கு இங்க் பேனா வழங்கினோம். ஆகஸ்டில் நிப்பு சீர்செய்யும் முகாம் நடந்தது. செப்டம்பர் மாதக்கூட்டம் போதிய வருகை இல்லாததால் நடக்கவில்லை. பொங்கலுக்கு வாழ்த்து மடல் எழுதும் போட்டி நடத்தினோம். மூத்த உறுப்பினர் ஒருவரை இழந்தோம். அவருடைய எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாக்களைக் குடும்பத்தார் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு நம் நன்றி.

நவம்பர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2012 முதல் ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் முதல் வெள்ளிக்கிழமையை மைப்பேனா நாளாகக் கொண்டாடுகிறார்கள். 2024இல் அது நவம்பர் 1, அதாவது தீபாவளிக்கு மறுநாள். அரசு விடுமுறையும் அறிவித்திருந்தது. "லீவுதானே, கூட்டம் அள்ளும்" என்று செயற்குழுவில் சொன்னவர்களே அன்று வரவில்லை. வந்தவர்கள் நான், துணைத்தலைவர், சிறப்புரையாற்ற அழைத்திருந்த ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், அவரைக் கூட்டிவந்த பேரன். அரங்க வாடகை முழுதாகக் கொடுத்தோம். ஐம்பது பேருக்குச் சொல்லியிருந்த சுண்டலை என்ன செய்தோம் என்பதைப் பொருளாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உரை நடந்தது. வராதவர்களுக்காகச் சுருக்கித் தருகிறேன். 1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயதுப் பையன், மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தான். நிலக்கரித் தாரிலிருந்து வந்த அனிலினோடு மல்லுக்கட்டியதில் கிடைத்தது ஒரு கறுப்பு வண்டல். ஆல்கஹால் விட்டதும் அது ஊதாவாக இறங்கியது. செயற்கைச் சாயத் தொழிலே அதிலிருந்துதான் கிளம்பியது. ரப்பர் ஸ்டாம்பு அட்டையில் இருக்கும் ஊதா, வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஜென்ஷன் வயலட் எல்லாம் அனிலின் வழியில் பின்னால் வந்த உறவுக்காரர்கள். இந்த வகைச் சாயத்துக்கு நிறம் கண்ணைப் பறிக்கும், ஆனால் வெயிலைத் தாங்கும் தெம்பு கிடையாது என்றார் ஆசிரியர்.

அதைக் கேட்டபோது எனக்கு நம் பழைய நிகழ்ச்சிக் குறிப்பேடு நினைவுக்கு வந்தது. சங்கத்தின் முதல் சில ஆண்டுகளை அப்போதைய செயலாளர் சாதாரண வயலட் இங்க்கில் எழுதியிருக்கிறார். ஜன்னலோர அலமாரியில் திறந்தே கிடந்த பக்கங்களில் தீர்மானம் எது, கையெழுத்து எது என்று இன்று தெரியவில்லை. ஊதாவில் எழுதும் நம் மரபும் தொடர வேண்டும், எழுத்தும் நிற்க வேண்டும் என்றால் இரும்புச்சத்துள்ள மைதான் வழி என்று தோன்றியது. ஜெர்மனியின் லைப்சிக்கில் 1892இல் தொடங்கிய ரோரர் அண்ட் கிளிங்னர் நிறுவனத்தின் ஸ்கேபியோசா என்ற ஊதா இரும்பு மை 50 மில்லி குப்பி ஒன்றைச் சங்கக் கணக்கில் வாங்கினேன். செயற்குழு ஒப்புதலோடுதான் வாங்கினேன். அன்றைய கூட்டத்துக்கு வராதவர்கள்தான் பிற்பாடு "யாரைக் கேட்டு வாங்கினீர்கள்" என்றார்கள்.

பளிச்சென்ற கத்தரிப்பூ நிறத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். எழுதும்போது ஈரத்தில் சிவப்பு கலந்த ஊதாவாக இருக்கும். காயக் காய, பெட்டியில் பல வருடம் மடித்து வைத்த பட்டுபோலச் சாம்பல் பூத்துவிடும். மையிலுள்ள இரும்பு காற்றுப் பட்டுக் கறுப்பதால் வரும் மாற்றம் இது. கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து நம் ஊரில் மை காய்ச்சினார்களே, அதே வேதியியல். கூடச் சேர்த்த ஊதாச் சாயம் அதற்குமேல் ஒரு சாயல், அவ்வளவுதான்.

இரண்டு மையையும் சோதித்துப் பார்த்தோம். ஜெராக்ஸ் கடைச் சாதாரணத் தாளில் வயலட் இங்க் வேர்விட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்தது. ஸ்கேபியோசா போட்ட கோட்டில் அப்படியே நின்றது. தபால் அட்டையிலும் அப்படித்தான். ஒரு ராத்திரி காயவிட்டுத் தண்ணீர் சொட்டினோம். சாதாரண மை குளம் கட்டி, ஓரத்தில் ரோஸும் நீலமும் தனித்தனியாகப் பிரிந்தது. ஸ்கேபியோசாவில் ஊதா கொஞ்சம் கரைந்து ஓடியது, எழுத்து சாம்பல் கோடாகத் தங்கிவிட்டது. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில், பாதியை அட்டையால் மூடி, மேலே கண்ணாடி வைத்துப் பார்த்த துண்டுத் தாள்களைப் பின்வரிசை மேசையில் பரப்பியிருக்கிறேன். டீக்கு எழுந்து போகும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள்.

குறையும் உண்டு. இந்த மை கொஞ்சம் வறட்சியாக இறங்கும், மெல்லிய நிப்பில் கீறும். அதனால் அகல நிப்பு போட்ட, சொட்டாங்குழலால் மை ஊற்றும் எபோனைட் பேனாவில் நிரப்பினேன். சரளமாக எழுதியது. ஆனால் அந்த வகைப் பேனாவில் மை கால்வாசிக்குக் கீழே இறங்கினால், கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். நம் ஊர் மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். தீர்மானப் பக்கத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு விழுந்திருக்கும் சொட்டு அப்படி வந்ததுதான். பேனாவை இரவல் வாங்கியவர் மையைத் தீர்த்துவிட்டு, நிரப்பாமல் திருப்பிக் கொடுத்ததால் வந்தது. இன்னொரு உறுப்பினர் இரண்டாவது சங்கப் பேனாவை மையோடு மேசையறையில் போட்டு மறந்துவிட்டார். இரும்பு மை உள்ளே காய்ந்தால் லேசில் போகாது. நிப்பையும் அதன் அடியிலுள்ள கட்டையையும் கழற்றி ஊறவைத்து ஊறவைத்து எடுத்தவன் நான். இந்த மை போட்டால் பேனாவை அடிக்கடி கழுவ வேண்டும் என்று குழுவில் எழுதியிருந்தேன். அதற்குப் பதினெட்டு கட்டைவிரல் வந்தது. யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அப்புறம், குறிப்பேட்டை நீலத்திலோ கறுப்பிலோதான் எழுத வேண்டும் என்ற ஆட்சேபம். நம் துணைவிதியில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னேன். இதுவரை யாரும் காட்டவில்லை. நான் ஊதாவில் கையெழுத்திட்ட காசோலையை ஒரு வங்கி திருப்பியது உண்மைதான். இப்போது வங்கிக்கு வங்கி காசோலையின் படம்தான் போகிறது, அடர்ந்த மை வேண்டும் என்றார்கள். சரி, காசோலைக்குக் கறுப்பு, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஊதா கௌரவமான நிறம் இல்லை என்று ஒருவர் சொன்னார் பாருங்கள், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். 2017 குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் வாக்குச்சீட்டில் குறிக்கத் தேர்தல் ஆணையம் கொடுத்தது ஊதா மைப் பேனா. சொந்தப் பேனாவை வெளியே வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே அனுப்பினார்கள். நாட்டின் முதல் குடிமகனைத் தேர்ந்தெடுக்கப் போதுமான நிறம் நம் மாதக்கூட்டத் தீர்மானத்துக்குப் போதாதா?

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மொத்தத்தில், போன ஆண்டின் மிச்சம் இந்த ஆண்டைக் காப்பாற்றியது. அடுத்த ஆண்டைக் காப்பாற்ற மிச்சம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. மைக்கான செலவு அரங்க வாடகையைவிடக் குறைவு என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

சந்தா ஆண்டுக்கு முந்நூறு ரூபாய். இறக்குமதிப் பேனாவின் படத்தை விலையோடு குழுவில் போடுகிறவர்கள் இரண்டு வருடச் சந்தா பாக்கி வைத்திருப்பது எனக்குப் புரியவில்லை. "நாளைக்கு ஜிபே பண்றேன் சார்" என்ற செய்திகள் என் போனில் வரிசையாக இருக்கின்றன. பாக்கிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. நாகரிகமாக இருக்காது என்று நான்தான் தடுத்தேன். பட்டியலை ஸ்கேபியோசாவில் எழுதி வைத்திருக்கிறேன், அவசரமில்லை.

தலைவர், துணைத்தலைவர், செயற்குழுவினர், கூட்டம் நடத்த அறை தந்த நூலக வாசகர் வட்டத்தினர், சுண்டல் செய்து தந்த அம்மா ஆகியோருக்கு நன்றி.

வரும் ஆண்டில் வேதியியல் ஆசிரியரை வைத்துக் கடுக்காய் மை காய்ச்சும் பயிற்சி நடத்தலாம் என்று இருக்கிறேன். அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். கடுக்காய் பெரிய கடைவீதி நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். அதற்குப் பணம் வேண்டும், அதைவிட ஆள் வேண்டும். இளையவர் யாராவது செயலாளர் பொறுப்புக்கு வந்தால் குறிப்பேட்டையும் குப்பியில் மீதியிருக்கும் மையையும் மகிழ்ச்சியாக ஒப்படைப்பேன். யாரும் வராவிட்டால் நானே தொடர்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

2025இல் மைப்பேனா நாள் நவம்பர் 7. தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதியே முடிந்துவிடும். அரங்குக்கு இப்போதே முன்பணம் கேட்கிறார்கள். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார், ஐந்நூறு கொடுத்தாலும் சில்லறை தருவார்.

இப்படிக்கு,
செயலாளர்